பஜார் ரோட்டில் 2.4

மட்டாஞ்சேரி
12 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் அதிதிக்கு,

மாரிச்செல்வம் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் எப்படி என்று கேட்க மாட்டேன். நீ அனுப்பிய படத்தில் கம்பளிக்கு வெளியே மூக்கு மட்டும்தான் தெரிந்தது, அதுவும் மிளகாய்ப்பழம் மாதிரி.

இந்தக் காலத்தில் தபால் எதற்கு என்று நினைப்பாய். மாப்பிள்ளைப் படங்களாக வந்து விழுந்ததும் நீ குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து விலகிவிட்டாய். தனியாக எழுதலாம் என்றால் என் போன் உன் செல்வலட்சுமி அத்தை கையில்தான் குடியிருக்கிறது. கடிதத்துக்கு அந்தப் பயமில்லை. என் கையெழுத்து அவளுக்குப் புரியாது. மகன் சுதீருக்கு மலையாளம்தான் ஓடும். இந்த வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்தவர்கள் நானும் சுவரில் தொங்கும் காலண்டரும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வைட்டிலாவிலிருந்து வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "டேய், அதிதிக்குப் படிகம் வந்துருச்சாம்டா" என்றாள். அத்தை ஏதோ அம்மை வகை என்று நினைத்து வேப்பிலை தேடக் கிளம்பிவிட்டாள். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மிளகுக் கொடியை வாட்டுகிற கிருமியிலிருந்து ஒரு புரதத்தை எடுத்து, கற்கண்டு மாதிரி வளர்த்திருக்கிறாயாம். இரண்டு தலைமுறையாக மிளகுத் தரகு பார்க்கிற குடும்பத்தில் இதைவிடப் பெரிய செய்தி வேறென்ன.

எனக்கு ஒரு உதவி வேண்டும். பஜாரில் சொல்ல ஒரு நம்பர் கொடு. சுக்குத் தரகு வாஞ்சிநாதன், மகள் மருத்துவத்தில் வாங்கிய ரேங்கை வைத்துக்கொண்டு மூன்று வருடமாக என்னை வதைக்கிறான். படிகம் என்றேன். "அதுக்கு எத்தனை மார்க்கு?" என்று கேட்டான். நான் பதில் இல்லாமல் நின்றது என் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

இப்படிக்கு, உன் பெருமையில் வாழ நினைக்கும்
மாமா


ஹாம்பர்க்
3 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். இங்கே மின்சாரக் கட்டணம் தவிர வேறெதுவும் தபாலில் வருவதில்லை. நான் சுகம். மூக்கும் சுகம்.

நம்பர் கேட்டீர்கள். புரதப் படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். நடுவில் பளிச்சென்று இருக்கும். விளிம்புக்குப் போகப் போக மங்கி, கடைசியில் புள்ளி இருக்கிறதா, நம் ஆசைதான் தெரிகிறதா என்று சந்தேகம் வந்துவிடும். எதுவரை நம்பலாம் என்று நாங்கள் ஒரு கோடு கிழிக்கவேண்டும். அதற்கு ரெசல்யூஷன் என்று பெயர். ஆங்ஸ்ட்ராம் என்ற அலகில் சொல்வோம். எண் சின்னதாக ஆக ஆக அணுக்கள் தெளிவாகத் தெரியும். மூன்று என்றால் பனிமூட்டம். இரண்டுக்குக் கீழே போனால் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த மாதிரி. என்னுடையது 1.9 வரை போகும் போலிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் கட்டுரைகளில் முதல் அட்டவணை எப்போதும் தகவலின் தரம் பற்றியது. அதில் எண்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண் இருக்கும். முதல் எண் எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து, அது எப்படியும் அழகாகத்தான் இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது விளிம்பில் உள்ள அந்த மங்கலான கடைசி வளையத்துக்கு மட்டும். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அத்தைக்கு என் அன்பு. அம்மாவை ஆட்டோவில் வரச்சொல்லுங்கள், பஸ்ஸில் வேண்டாம்.

அன்புடன்,
அதிதி


மட்டாஞ்சேரி
24 மார்ச் 2025

அன்பு மருமகளுக்கு,

நான் நலம் (சர்க்கரை ஏறியிருக்கிறது). அத்தை நலம் (நான் வெளியே இனிப்புச் சாயா குடிப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்). உன் அம்மா நலம் (லிஃப்ட் ரிப்பேர், மூட்டும் ரிப்பேர்). சுதீர் நலம் (வேலை இன்னும் இல்லை).

பார்த்தாயா, உன் அட்டவணையை நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன் என்று. இத்தனை காலமும் 'நலம்' என்று எழுதி எழுதி நாம் எல்லோரும் ஒருவரையொருவர் ஏமாற்றியிருக்கிறோம். இந்த அடைப்புக்குறியைக் கண்டுபிடித்தவனுக்கு நம் தரகர் சங்கத்தில் பொன்னாடை போர்த்தவேண்டும்.

கடிதத்தைச் சாயாக்கடையில் நின்றபடியே படித்தேன். அடைப்புக்குறி முழுசாகப் புரிந்தது. மற்ற பகுதி விஞ்ஞானம். நேரே வாஞ்சிநாதனிடம் போய், "ஒண்ணு புள்ளி ஒம்பது" என்றேன்.

அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ரெண்டுகூட எட்டலையா அண்ணாச்சி?" என்றான்.

கடையில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே. நம் தொழிலில் மிளகுக்கு லிட்டர் வெயிட் பார்ப்போம். ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் நிற்கிறது என்று. ஐந்நூறு என்றால் சுமார், ஐந்நூற்றைம்பது என்றால் கையெடுத்துக் கும்பிடலாம். நம்பர் ஏற ஏறத் தரம். "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, ஏறும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னை அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் ஏற்ற முடியுமா என்று பார்.

ஆசியுடன்,
மாமா (மானம் போன மாமா)


ஹாம்பர்க்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம்.

லிட்டர் வெயிட் பகுதியைப் படித்து வெகுநேரம் சிரித்தேன். திருத்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இங்கே ஒரு சிக்கல்.

என் படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. ஒரு திசையில் மட்டும் புள்ளிகள் 1.9 வரை போகின்றன. மற்ற இரண்டு திசைகளிலும் 2.4-லேயே நின்றுவிடுகின்றன. 1.9 என்று எழுதினால், அந்தக் கடைசி வளையத்தில் இருக்கவேண்டிய புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. பேராசிரியர், "தலைப்பில் 1.9 போடு, அடைப்புக்குறியை யார் பார்க்கிறார்கள்" என்கிறார். இதே புரதத்தை இன்னொரு குழுவும் செய்துகொண்டிருக்கிறது, முந்திக்கொள்ளவேண்டும் என்கிறார். 1.9 என்றால் பெரிய பத்திரிகை எடுத்துக்கொள்ளும். அடுத்த இரண்டு வருடத்துக்கு என் வேலைக்கும் உத்தரவாதம்.

2.4 என்றுதான் போடவேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு திசையில் மட்டும் கூடுதலாகப் போகிறது என்று உள்ளே ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அம்மாவிடம் இதெல்லாம் சொல்லவேண்டாம்.

அன்புடன்,
அதிதி


மட்டாஞ்சேரி
12 மே 2025

அன்பு மருமகளுக்கு,

எல்லோரும் நலம் (சந்தோஷத்தில் பஜாருக்கே லட்டு கொடுத்தேன், அதில் நான் சாப்பிட்டதை அத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள்).

2.4! கடிதத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்காமல் வாஞ்சிநாதன் கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், என் உடம்புக்கு எது ஓட்டமோ அது. "ரெண்டைத் தாண்டிருச்சு. ரெண்டு புள்ளி நாலு" என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். பூஞ்சை பிடித்த சுக்கு மாதிரி ஆகிவிட்டது.

திரும்பிவந்து மீதியைப் படித்தேன். அந்தப் பேராசிரியர் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சமல்ல. ஒரு பெண் பாடுபட்டு 2.4 கொண்டுவந்தால், 1.9 என்றுதான் போடுவேன் என்கிறாரா? எங்கள் பஜாரிலும் இந்த ஜாதி உண்டு. அடுத்தவன் சரக்கைத் தட்டில் பரப்பி முகத்தைச் சுளித்து, தரத்தை இறக்கிப் பேசுவான். என் அப்பா அந்த மாதிரி ஆளிடம் வாயே திறக்கமாட்டார். சாக்கைக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்.

நீயும் அப்படியே இரு. 2.4 என்றால் 2.4. ஒரு புள்ளிகூட இறங்காதே. பெரிய பத்திரிகை இல்லாவிட்டால் சின்னப் பத்திரிகை. வேலை போனால் வா, கிடங்கில் உனக்கு ஒரு நாற்காலி போடுகிறேன்.

கடை வாசலில் வைக்க ஒரு ஃப்ளெக்ஸ் போர்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உன்னைவிட உன் எண்ணில் பெருமைகொள்ளும்
மாமா


ஹாம்பர்க்
15 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பலமுறை படித்தேன்.

நான் நலம். வேலை நடக்கிறது. போர்டு வேண்டாம் மாமா. எதுவும் இன்னும் முடிவாகவில்லை.

அத்தைக்கும் அம்மாவுக்கும் அன்பு.

அதிதி


மட்டாஞ்சேரி
8 ஜூலை 2025

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் நலம் (மழை, கிடங்குக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, ஒன்றின் நேர் கீழே என் நாற்காலி).

போர்டு வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம், போர்டு ஏறி ஒரு வாரம் கழித்து வந்தது. தபாலின் ஒரே குறை அதுதான், நிறையும் அதுதான். படம் இணைத்திருக்கிறேன். பஜார் ரோட்டில் படகுத்துறைப் பக்கமிருந்து வருகிற எவனும் இதைப் பார்க்காமல் போக முடியாது. தமிழிலும் மலையாளத்திலும் 'மட்டாஞ்சேரியின் பெருமை' என்று போட்டு, நடுவில் 2.4 மட்டும் ஆள் உயரத்துக்கு. உன் படம் ஓரத்தில். வேறு நல்ல படம் கிடைக்காததால் மாப்பிள்ளைத் தரகரிடம் கொடுக்க அத்தை எடுத்துவைத்திருந்த பட்டுப்புடவைப் படத்தையே போட்டோம். கோபப்படாதே. எதிரே பழைய அரிசிக் கிடங்கில் காப்பிக்கடை வந்திருக்கிறதே, அங்கே வரும் வெள்ளைக்காரர்கள் போர்டுக்கு முன்னால் நின்று படம் பிடிக்கிறார்கள். ஏதோ கட்சித் தலைவி என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். உன் போன கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'நான் நலம்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாய். அதற்கு முந்தியதிலும் அப்படித்தான். அடைப்புக்குறி எங்கே?

அதை எழுது. மற்றது எதுவும் வேண்டாம்.

மாமா


மட்டாஞ்சேரி
18 ஆகஸ்ட் 2025

அன்பு அதிதிக்கு,

ஆறு வாரமாக உன் பதில் இல்லை. உன் அம்மாவிடம் போனில் பேசுகிறாய், சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு முடிகிறதாம். ஆகவே நானே எழுதுகிறேன். நான் நலம் (இல்லை).

கடைக்கு மேல்மாடியில் ஸ்நேஹா டீச்சர் டியூஷன் எடுக்கிறாள், பௌதிகமும் ரசாயனமும். போன வாரம் குடையை மடக்கிக்கொண்டு போர்டு முன்னால் நின்றவள் உள்ளே வந்து, "அண்ணாச்சி, ஒரு சம்சயம். இது நீங்க சொன்ன படிகத்தோட ரெசல்யூஷன்தானே? இந்த நம்பர் குறையக் குறையத்தானே நல்லது? கூடினா மோசம், இல்லியா?" என்றாள்.

"டீச்சர், இது லிட்டர் வெயிட் மாதிரி" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. இது சல்லடை மாதிரி. கண்ணு சின்னதா இருந்தாத்தான் நுணுக்கம்" என்றாள். அவளுக்கே சங்கடமாகி, சாயா வேண்டாம் என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டாள்.

டிராயரைத் திறந்து உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்தேன். 'எண் சின்னதாக ஆக ஆக' என்று நீ தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய். நான் எண்களை மட்டும் வாசித்திருக்கிறேன். தரகனுக்கு எழுத்து எல்லாம் சணல், எண்தான் சரக்கு.

அதற்குள் செய்தி வாஞ்சிநாதனுக்குப் போய்விட்டது. மட்டாஞ்சேரியில் படகுகூடத் தாமதமாகும், செய்தி ஆகாது. "அண்ணாச்சி, மருமக தரம் இறங்கினதுக்கா லட்டு குடுத்தீங்க?" என்று நடுரோட்டில் கேட்டான். கேட்கட்டும். என் மானம் பழைய கோணிச்சாக்கு, எத்தனை முறை வேண்டுமானாலும் தைக்கலாம்.

என் கவலை வேறு. பேராசிரியர் உன்னை உயர்த்திக் காட்டத்தான் பார்த்தார் என்று இப்போது புரிகிறது. நீதான் வேண்டாம் என்றாய். நானோ ஒன்றும் புரியாமல், 'இறங்காதே, வேலை போனால் வா' என்று வீரவசனம் எழுதினேன். என் பேச்சைக் கேட்டு எதையாவது கெடுத்துக்கொண்டாயா? நீ ஏன் என்னைத் திருத்தவில்லை? கடைசியில் எந்த எண்ணைப் போட்டாய்?

போர்டை இறக்கச் சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் ஆள் வருவான்.

மாமா


ஹாம்பர்க்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம் (மே மாதத்திலிருந்து சரியாகத் தூக்கமில்லை, இரண்டு சுடிதார் தொளதொளவென்று ஆகிவிட்டன, இப்போது பரவாயில்லை).

கேட்ட அடைப்புக்குறியைக் கொடுத்துவிட்டேன். இனி மற்றது.

நான் 2.4 என்று சொன்ன பிறகு ஆய்வுக்கூடத்தில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேராசிரியர் கெட்டவர் இல்லை மாமா. ஐந்து பேருக்குச் சம்பளம் வாங்கித்தரவேண்டிய கவலை அவருக்கு. எல்லோருக்கும் நான் வேலையைக் கெடுக்கிறவளாகத் தெரிந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் லட்டுக் கடிதம் வந்தது. இந்த உலகத்தில் 2.4 என்ற எண்ணுக்கு ஓடிப்போய் இனிப்புக் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. திருத்தினால் அந்த ஒரு இடமும் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் முடிவில் பேராசிரியரிடம் நான் சரி என்று சொல்லிவிட்டேன். அட்டவணையில் நானே 1.9 என்று அடித்தேன். கடைசி வளையத்தின் விவரத்தை அடைப்புக்குறிக்குள் சின்னதாகப் போட்டேன். பொய் எதுவும் இல்லை, எல்லாம் அங்கேயேதான் இருக்கிறது, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கட்டுரையை அனுப்ப நாளும் குறித்தாயிற்று. அதற்கு இரண்டு நாள் முன்னால் உங்கள் உறை வந்தது.

திரையில் 1.9. கையில் இருந்த படத்தில், மழை சொட்டச் சொட்ட, என்னைவிட உயரமாக 2.4. அதோடு வந்த கடிதத்தில், 'அடைப்புக்குறி எங்கே?'

படத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். யார் இது என்றார். "என் மாமா. மிளகுத் தரகர். இந்த எண்ணைப் போர்டில் எழுதி ஊருக்கே அறிவித்துவிட்டார். இனி மாற்ற முடியாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் வந்து, இரண்டு திசைகளின் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, 2.4 என்றே அனுப்பு என்றார்.

பெரிய பத்திரிகை எடுக்கவில்லை. இரண்டு வருட உத்தரவாதம் ஆறு மாதமாகிவிட்டது. அந்த இன்னொரு குழு முந்திக்கொண்டது. அவர்கள் எண் 2.1. அவர்கள் அடைப்புக்குறியைப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. அவர்கள் ஜெயித்ததில் எனக்கு வருத்தமில்லை. எங்களுடையது வேறொரு பத்திரிகையில் வருகிறது. கட்டுரையை மதிப்பிட்டவர்களில் ஒருவர், 'முதல் அட்டவணையைப் படித்த பிறகு மீதியை நம்பிப் படித்தேன்' என்று எழுதியிருந்தார். அந்த வரியை வெட்டி உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. போர்டை இறக்கவேண்டாம்.

அன்புடன்,
அதிதி (உங்கள் மருமகள்)


மட்டாஞ்சேரி
10 அக்டோபர் 2025

அன்பு மருமகள் அதிதிக்கு,

உன் கடிதத்தை இந்த முறை முழுசாகப் படித்தேன். எழுத்து உட்பட. பிறகு, நடக்கக்கூடாதது ஒன்று நடந்தது. அத்தையை உட்காரவைத்து உரக்கப் படித்துக்காட்டினேன். சுடிதார் தொளதொளவென்று ஆன இடத்தில் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். போனவள் முறுக்குப் பிழியும் சத்தம் கேட்டது. பார்சல் தனியாக வருகிறது (பாதியை நான் தின்றுவிட்டேன்).

போர்டை இறக்க ஆள் ஏணியோடு வந்து நின்றான். "இறக்க வேண்டாம்ப்பா, எழுது" என்றேன். சுதீர்தான் அளவெடுத்து அச்சடித்துக் கொண்டுவந்தான். பெரிய 2.4-க்குப் பக்கத்தில் இப்போது ஒரு அடைப்புக்குறி இருக்கிறது. தமிழில் என்ன எழுதுவது என்று நானும் ஸ்நேஹா டீச்சரும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அடித்துத் திருத்தினோம். அவள் விஞ்ஞானத்தைச் சுருக்கினாள். நான் என் வாயைச் சுருக்கினேன். கடைசியில் நின்றது இதுதான்:

2.4 (1.9 என்று போட்டிருக்கலாம். எங்கள் பெண் போடவில்லை.)

முதல் நாள் வாஞ்சிநாதன் வந்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெரிய எழுத்தை விட்டுவிட்டு நேரே அடைப்புக்குறிக்குப் போனான். இரண்டு தடவை படித்தான். ஏதாவது சொல்வான் என்று நானும் ஒரு பதிலைக் கூர்தீட்டிக் கையில் வைத்திருந்தேன். அவன், "இந்தப் பிள்ளை எப்ப ஊருக்கு வரும் அண்ணாச்சி?" என்றான். "என் மகளை ஒருக்கா பேசச் சொல்லணும்."

கூர்தீட்டிய பதில் வீணாய்ப் போனது. வேறொரு நாளைக்கு ஆகும்.

ஆறு மாதம் கழித்து என்ன என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கிடங்கில் நாற்காலி போட்டாயிற்று. ஒழுகாத இடத்தில். நீ வந்து உட்காரவேண்டும் என்றில்லை, இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

உன் அம்மா நலம் (லிஃப்ட் ஓடுகிறது). அத்தை நலம் (நீ குழுவிலிருந்து விலகிய கோபம் தணிந்தது, மாப்பிள்ளைத் தரகரிடமிருந்து உன் படத்தைத் திரும்ப வாங்கிவிட்டாள்). நான் நலம் (பெருமை கொஞ்சம் ஏறியிருக்கிறது, இதற்குப் பத்தியம் வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டாள்).

மாமா